பால் சுறாவும் திமிங்கலச் சுறாவும்

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

எங்கள் ஊரின் பெயரில் ‘துறை’ இருக்கிறது. ஆனால் அலை வந்து மோதும் துறை எதுவும் செந்துறையில் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிக் கிழக்கே நெடுந்தூரம் செல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் கடலை நேரில் கண்டவர்களைவிடச் சினிமாவில் மட்டும் கண்டவர்களே அதிகம். அப்படியிருக்கச் சுறாவைப் பற்றி எழுத இவர்களுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். உரிமை உண்டு, தோழியரே! நம் வட்டாரத்து மண்ணிலேயே சுறாவின் பற்கள் கிடக்கின்றன.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் கடலுக்கு அடியில் இருந்தன. அந்தக் கடல் பலமுறை உள்ளே வந்தது, பலமுறை பின்வாங்கியது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் சேற்றில் புதைந்து கல்லாயின. சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் அக்காலச் சிப்பி ஓடுகளை இன்றும் வெறுங்கண்ணால் காணலாம். செந்துறைக்கு அருகிலுள்ள நின்னியூரின் பெயரைப் புவியியல் அறிஞர்கள் ஒரு பாறை அடுக்குக்கே சூட்டியிருக்கிறார்கள். 1840களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் இருந்த மீன் பற்களைச் சர் பிலிப் எகர்ட்டன் 1845-இல் விவரித்து எழுதினார். அண்மைக் காலத்தில், 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் பெயர் கொண்ட பாறை அடுக்கிலிருந்து பலவகைச் சுறாப் பற்களை அடையாளம் கண்டது. அவற்றுள் புதிய இனம் ஒன்றுக்கு ‘ட்வார்டியஸ் சுடிண்டிகஸ்’ என்று பெயர். ‘சுடிண்டிகஸ்’ என்றால் தென்னிந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். நம் ஊர்ப் பக்கத்துச் சுறா என்று நாம் அதைச் சொந்தம் கொண்டாடலாம்!

ஏன் பற்கள் மட்டும் கிடைக்கின்றன? சுறாவுக்கு எலும்பே கிடையாது. நம் காது மடலையும் மூக்கு நுனியையும் தொட்டுப் பாருங்கள். வளைகிறதல்லவா? அதைப் போன்ற குருத்தெலும்பால்தான் சுறாவின் எலும்புக்கூடு முழுவதும் ஆகியிருக்கிறது. சுறா இறந்ததும் அது பெரும்பாலும் அழுகிப் போய்விடும். பல் மட்டும் நிற்கும். மேலும் சுறாவுக்கு நம்மைப் போல இரண்டே முறை பல் முளைப்பதில்லை. முன்வரிசை விழ விழப் பின்வரிசை நகர்ந்து முன்னே வரும். வாழ்நாளில் ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. எனவே ஒரு கூடைப் பல் கிடைத்தால் ஒரு கூடைச் சுறா வாழ்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

மறைந்துபோன சுறாக்களை விட்டுவிட்டு, இன்று தமிழ்நாட்டுக் கடலில் நீந்தும் இரண்டு சுறாக்களை இங்கே ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று நம் வீட்டுச் சமையலறை வரை வருவது. மற்றொன்று உலகிலுள்ள மீன்கள் அனைத்திலும் பெரியது.

முதலில் உருவத்தைப் பார்ப்போம். பால் சுறா வளர்ந்து முடித்தாலும் பெரும்பாலும் 1 மீட்டர்தான். அதைவிடச் சற்று நீண்டவையும் அபூர்வமாக உண்டு. திமிங்கலச் சுறாவின் நம்பத்தகுந்த அதிகபட்ச அளவு 18.8 மீட்டர். இது 2001-இல் அரபிக் கடலில் கிடைத்த ஒன்றின் அளவு. 18.8 மீட்டர் என்றால் மனத்தில் உருவம் வருகிறதா? எங்களுக்கு வரவில்லை. ஆகவே நம் மாவட்டங்களுக்கே உரிய ஓர் அளவுகோலைத் தேடிக்கொண்டோம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து கூறிய மரம் அது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர். அம்மரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பாருங்கள். மிகப் பெரிய திமிங்கலச் சுறாவின் மூக்கிலிருந்து வாலுக்கு நடந்தது போலத்தான், அதுவும் சற்றுக் குறைவாக. பக்கத்தில் பால் சுறாவை வைத்தால் அது மரத்தடியில் சாய்த்து வைத்த குடை.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். திமிங்கலச் சுறா திமிங்கலம் அன்று. திமிங்கலம் நுரையீரலால் மூச்சு விட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி. இது செவுளால் மூச்சு விடும் மீன். அதேபோல் பால் சுறாவிடம் பால் இல்லை. இரண்டு சுறாக்களும் தம்மிடம் இல்லாத ஒன்றைப் பெயரில் தாங்கி நிற்கின்றன!

நீளத்தில் பதினெட்டு மடங்கு என்றால் எடையிலும் பதினெட்டு மடங்குதானா? இங்குதான் எங்கள் கணக்குப் பாடம் உதவியது. உருவம் மாறாமல் நீளம் இரண்டு மடங்கானால் அகலமும் உயரமும் இரண்டு மடங்காகும். ஆகவே கன அளவு எட்டு மடங்காகும். 1949-ஆம் ஆண்டு நவம்பரில் கராச்சிக்கு அருகே ஒரு திமிங்கலச் சுறா பிடிபட்டது. அதன் நீளம் 12.65 மீட்டர். எடை ஏறக்குறைய 21.5 டன், அதாவது நான்கைந்து யானைகள். 1 மீட்டர்ப் பால் சுறாவின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12.65-ஐ மும்முறை பெருக்கினால் சுமார் 2,024 வரும். அதை 4 கிலோவால் பெருக்கினால் 8 டன். ஆனால் உண்மை எடையோ 21 டன்னுக்கு மேல்! அப்படியென்றால் திமிங்கலச் சுறா, ஊதிப் பெரிதாக்கிய பால் சுறா அன்று. அதன் உடலமைப்பே வேறு. பால் சுறா ஈட்டி போல் மெலிந்தது. திமிங்கலச் சுறாவோ தலை தட்டையாகவும் அகலமாகவும், உடல் பெருத்தும் இருப்பது. விரைந்து சென்று இரையைப் பிடிப்பவனுக்கு மெலிந்த உடல் வேண்டும். வாயைத் திறந்துகொண்டு மெல்லப் போகிறவனுக்கு அது தேவையில்லை.

பால் சுறாவை நேரில் பார்ப்பதற்காக எங்களில் ஐந்து பேர், ஆசிரியையின் அனுமதி பெற்று, தையல் வகுப்பு இஞ்சு டேப்புடன் மீன் கடைக்குப் போனோம். ஐஸ் பெட்டியில் மற்ற மீன்களோடு நான்கு சுறாக்கள் இருந்தன.

“அக்கா, இது பால் சுறாதானே?”

“ஆமா பாப்பா. வீட்ல யாருக்காச்சும் கொழந்த பொறந்திருக்கா?”

“இல்லக்கா, அளந்து பாக்கத்தான் வந்தோம்.”

“மீன அளந்து பாக்கவா! நான் எட போட்டுத்தான் பாத்திருக்கேன்” என்று சிரித்துவிட்டு, ஒன்றைக் கழுவி வாழையிலையில் வைத்துக் கொடுத்தார் அந்த அக்கா. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 43 செ.மீ. இருந்தது. முதுகு சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் இருண்ட கடலோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சமான வானத்தோடும் கலந்து மறைந்துவிடும் உபாயம் இது. தலையின் பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகள். கெண்டை, விரால் போன்ற நம் ஏரி மீன்களுக்கு இருப்பது போல் செவுளை மூடும் தட்டு இல்லை. தலையிலிருந்து வால் நோக்கித் தடவினோம், வழுவழுப்பாக இருந்தது. வாலிலிருந்து தலை நோக்கித் தடவினோம், உப்புத்தாள் போல் கையைத் தேய்த்தது. சுறாவின் செதில்கள் மற்ற மீன்களின் செதில்களைப் போன்றவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பல்லே. பல்லின் மேல் இருப்பது போன்ற கடினப் பூச்சும் உள்ளே கூழும் அதில் உண்டு. ஆக, சுறா வாய்க்குள் மட்டுமல்லாமல் உடல் முழுவதும் பல் முளைத்த பிராணி. திமிங்கலச் சுறாவோ இதில் இன்னும் ஒரு படி மேலே. அதன் கண்விழியின் மேற்பரப்பிலேயே இத்தகைய தோல் பற்கள் இருப்பதை ஜப்பானின் ஓகினாவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். பால் சுறாவுக்குக் கண்ணை மூடிக் காக்க உள்ளிமை ஒன்று இருக்கிறது. திமிங்கலச் சுறாவுக்கு இமை இல்லை. ஆபத்து வந்தால் கண்ணையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூக்கின் அடிப்பக்கம் ஊசியால் குத்தியது போல் சிறு துளைகள் தெரிந்தன. அவை மின்சாரத்தை உணரும் துளைகள். எந்த உயிரின் தசை அசைந்தாலும் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனையும் சுறா அதைக்கொண்டு கண்டுபிடித்துவிடும். 1678-இல் இத்தாலியரான லொரென்சினி இவற்றை விவரித்தார். ஆனால் மின்சாரத்தைப் பற்றி உலகம் அதிகம் அறியாத காலம் அது. ஆகவே அவற்றின் பயன் விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

கையை எவ்வளவு கழுவியும் அந்த வாடை போகவில்லை. ஏன் இந்த வாடை? இதற்கும் விடை உண்டு. கடல் நீர் உப்பானது. சாதாரண உடல் அதில் கிடந்தால் உடலிலுள்ள நீரைக் கடல் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் யூரியாவைச் சேர்த்து வைக்கிறது. ஆம், நம் வயலுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறோமே, அதே யூரியா! சுறா செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. சுறா பழையதாக ஆக நெடி ஏறுவது அதனால்தான். புட்டு செய்யும்போது மஞ்சள் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மண் போன்ற தோலை உரித்துவிட்டு, பிறகே உதிர்த்துப் பூண்டு, வெங்காயத்தோடு வதக்குகிறார்கள். யூரியா தண்ணீரில் கரையும் என்பது பாட்டிமாருக்கு வேதியியல் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

இனி உணவு. பால் சுறாவின் ஒவ்வொரு தாடையிலும் சுமார் 25 வரிசைப் பற்கள் உண்டு. சாய்ந்த, கூரிய பற்கள். சிறு மீன், கணவாய், இறால் ஆகியவற்றைக் கடித்து விழுங்கும். கரையோரத்திலிருந்து 200 மீட்டர் ஆழம் வரை அதன் வேட்டைக்களம்.

திமிங்கலச் சுறாவுக்கு 3,000-க்கு மேற்பட்ட பற்கள் இருந்தும் ஒவ்வொன்றும் தீக்குச்சித் தலையளவுதான். அவற்றால் அது எதையும் கடிப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் வரை திறக்கும் வாயால் கடல் நீரை உள்வாங்கி, செவுளில் உள்ள சல்லடை போன்ற தகடுகளில் வடிகட்டி, மிதவை உயிர்களையும் மீன் முட்டைகளையும் சிறு மீன்களையும் விழுங்கும். மெக்சிகோவின் யுகாட்டான் கடலில் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியாயிற்று. 6.22 மீட்டர் நீளமுள்ள திமிங்கலச் சுறா மணிக்கு 614 கன மீட்டர் நீரை வடிகட்டுகிறது என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். 614 கன மீட்டர் என்பது 6,14,000 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும் என்றால், அதில் 51 லாரி! ஒரே மணி நேரத்தில்! இவ்வளவு பாடுபட்டு அது பெறும் உணவு மணிக்கு ஏறக்குறைய 2¾ கிலோ. நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் மேய்ந்தால் சுமார் 20 கிலோ. 51 லாரி நீருக்கு 2¾ கிலோ என்பது மிகவும் மெலிந்த சோறு என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. அப்படியும் அது உலகின் மிகப் பெரிய மீனாக வளர்கிறது. பெரிய உடல், சிறிய உடலைவிட ஒரு கிலோ எடைக்குக் குறைந்த உணவிலேயே காலம் தள்ளும் என்பது இதற்கு ஒரு காரணம். இன்னொன்று, மிதவை உயிர்களை நேரடியாக உண்பதால் இடையில் வேறு மீன்கள் பங்கு கேட்பதில்லை. புல்லை யானை நேராகவே தின்பது போல. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2022-இல், இது கடற்பாசியையும் தின்று செரிக்கிறது என்று கூறியிருக்கிறது. அப்படியானால் சுறாக்களில் இது காய்கறியும் சேர்த்து உண்ணும் சுறா.

இத்தனை பெரிய சுறாவின் நெருங்கிய உறவினர்கள் யார் தெரியுமா? கடலடியில் சோம்பிப் படுத்துக் கிடக்கும் செவிலிச் சுறா போன்றவை. அவற்றின் மூக்கருகே மீசை போன்ற இழைகள் இருக்கும். திமிங்கலச் சுறாவின் மூக்கிலும் அந்த மீசையின் அடையாளம் சிறிதாக மிஞ்சியிருக்கிறது. ஆனால் அது படுத்துக் கிடப்பதில்லை. 1,928 மீட்டர் ஆழம் வரை ஒன்று முங்கியதைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. பால் சுறாவோ புலிச் சுறா, காளைச் சுறா ஆகியவற்றோடு ஒரே வரிசையைச் சேர்ந்தது. உருவத்தில் சாது, உறவில் முரடு!

திமிங்கலச் சுறாவின் முதுகில் இரவு வானம் போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நம் கைரேகை போல் ஒவ்வொன்றுக்கும் இந்தப் புள்ளிக் கோலம் தனி. ஒரு சுறாவின் படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு ‘இது அதே சுறாதான்’ என்று சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. 1986-இல் ஒரு வானியல் அறிஞர் விண்மீன் படங்களை ஒப்பிட வகுத்த கணித முறையை 2005-இல் இந்தப் புள்ளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். நட்சத்திரத்துக்குச் செய்த கணக்கு மீனுக்கும் பொருந்தியது!

இப்போது எங்களை மிகவும் வியக்க வைத்த பகுதிக்கு வருகிறோம். அது பிறப்பு. பெரும்பாலான மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு விட்டுப் போய்விடும். நாம் ஒப்பிடும் இரண்டு சுறாக்களுமே குட்டி போடுகின்றன. ஆனால் அவை குட்டி போடும் முறை ஒன்றல்ல.

திமிங்கலச் சுறா எப்படி இனம் பெருக்குகிறது என்று நெடுங்காலம் தெரியவில்லை. அறிவியலார் அதற்குப் பெயரிட்டது 1828-இல். 1953-இல் மெக்சிகோ வளைகுடாவில் பெரிய முட்டை உறை ஒன்று வலையில் வந்தது. அதற்குள் 36 செ.மீ. குஞ்சு உயிரோடு இருந்தது. ஆகவே இது முட்டையிடும் சுறா என்றே பலர் எழுதினார்கள். 1995-இல் தைவான் அருகே 10.6 மீட்டர்த் தாய் ஒன்று பிடிபட்டது. அதன் வயிற்றில் 300-க்கு மேற்பட்ட குட்டிகள்! சில இன்னும் முட்டை உறைக்குள், சில உறையை விட்டு வெளியே வந்தவை, சில பிறக்கத் தயாரானவை. 42 செ.மீ. முதல் 64 செ.மீ. வரை பல அளவில் இருந்தன. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, மஞ்சள் கருவை உண்டு வளர்ந்து, பிறகு குட்டியாக வெளிவருகிறது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. திமிங்கலச் சுறாவின் மகப்பேற்றைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு தாய் தந்தது.

பால் சுறா வேறு வழியில் செல்கிறது. தொடக்கத்தில் குட்டி மஞ்சள் கருவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் வெறுமையான அந்த மஞ்சள் கருப் பை தாயின் கருவறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நச்சுக்கொடியாக மாறிவிடுகிறது. அதிலிருந்து குட்டிக்கு ஒரு கொடி செல்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து உணவு அந்தக் கொடி வழியே குட்டிக்குப் போகிறது. இது தொப்புள் கொடியேதான், தோழியரே! பிறந்த புதிதில் குட்டியின் இரு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே அதன் தழும்பு இருக்கும். தொப்புள் உள்ள மீன்! மீனுக்கும் மனிதருக்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணியிருந்தோம்!

அளவுகளை ஒப்பிட்டால் இன்னும் வியப்பு. சுமார் ஓராண்டு சுமந்து, பால் சுறா ஈனுவது ஒன்று முதல் எட்டுக் குட்டிகள், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து. குட்டியின் நீளம் ஏறத்தாழ 30 செ.மீ., நம் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைப் போல இரண்டு. தாயின் நீளம் 90 செ.மீ. என்றால் குட்டி தாயின் மூன்றில் ஒரு பங்கு. மனிதத் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய அதுவே. திமிங்கலச் சுறாவின் குட்டி 60 செ.மீ., தாயோ 10.6 மீட்டர். அதாவது குட்டி தாயின் பதினேழில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. பிறக்கும்போது இரண்டு சுறாக் குட்டிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டு மடங்குதான். பதினெட்டு மடங்கு வேறுபாடு பிறகு வளர்ந்து வருவது. சில பெரிய குட்டிகளா, பல சிறிய குட்டிகளா என்ற கேள்விக்கு இரண்டு தாய்களும் இரண்டு விடைகள் சொல்கின்றன. இரண்டில் பெரியது திமிங்கலச் சுறா என்பதில் ஐயமில்லை. வியப்புக்குரியது எது என்று கேட்டால் எங்கள் ஓட்டு பால் சுறாவுக்கே.

சினை கொண்ட சுறாவை நம் முன்னோரும் கவனித்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்கள் முழுமதி நாளில் கடலுக்குப் போகாமல், சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொம்புள்ள சுறா என்பது வாள் போன்ற மூக்குடைய வேளா மீனாக இருக்க வேண்டும். அது திருக்கை இனத்தோடு சேர்ந்தது. அதுவும் குட்டி போடுவதே.

வாழ்நாளிலும் இரண்டும் எதிரெதிர் முனைகள். பால் சுறா சுமார் இரண்டு வயதில் தாயாகும் பருவம் அடைகிறது. எட்டு ஆண்டுகள் வாழ்ந்தால் முதுமை. திமிங்கலச் சுறா பருவமடையவே ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகும். அதன் முதுகெலும்புக் கணுவில் மரத்தின் ஆண்டு வளையம் போல் வரிகள் விழுகின்றன. ஒரு வரி ஓராண்டா, அரையாண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 1950, 60களில் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவிய கதிரியக்கக் கார்பன் அந்த வரிகளிலும் படிந்திருந்தது. அதை வைத்து ஒரு வரி ஓராண்டு என்று 2020-இல் உறுதி செய்தார்கள். 10 மீட்டர் நீளமான சுறா ஒன்றின் வயது 50 எனத் தெரிந்தது. இதைவிடப் பெரியவை நூறாண்டு வாழக்கூடும் என்று கருதுகிறார்கள்.

மீன் கடை அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. ஆங்கிலத்திலும் இதை ‘மில்க் ஷார்க்’ என்றே அழைக்கிறார்கள். அப்பெயரே நம் நம்பிக்கையிலிருந்து போனதுதான். பாட்டிமார் சொல்வது முழுவதும் வீண் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பிரசவித்த உடலுக்குப் புரதம் தேவை. எண்ணெய் குறைந்த, முள் இல்லாத இந்த மீன் எளிதில் உண்ணத் தக்கது. ஆனால் பெற்றோர்கள் அறிய வேண்டிய மறுபக்கமும் உண்டு. நிலக்கரிப் புகையிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் கடலில் சேரும் பாதரசம் சிறு உயிர்களின் உடலில் தங்குகிறது. அவற்றை உண்ணும் மீனில் இன்னும் சேர்கிறது. அந்த மீனை உண்ணும் சுறாவில் அதைவிட அதிகமாகச் சேர்கிறது. குழந்தையின் வளரும் மூளையையும் நரம்புகளையும் அது பாதிக்கக் கூடியது. இதனால் அமெரிக்க அரசு 2017-இல் வெளியிட்ட மீன் உணவு அறிவுரையில், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைச் சேர்த்தது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை நல்ல மீன்கள் வரிசையில் வைத்தது. பாதரசம் வயதோடும் உருவத்தோடும் ஏறுவது. ஆகவே சிறிய பால் சுறாவில் பெரிய சுறாக்களைவிடக் குறைவாக இருக்கலாம். எனினும் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ நர்ஸையோ கேட்டுக்கொண்டு சமைப்பது நல்லது. மத்தியின் விலையும் குறைவு.

இரண்டு சுறாக்களுக்கும் மனிதரால் ஆபத்து உண்டு. குஜராத் கடற்கரையில் படகுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும், பின்னர் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் திமிங்கலச் சுறாக்களைக் கொன்று வந்தார்கள். மைக் பாண்டே எடுத்த ஒரு செய்திப்படம் 2000-இல் அதை வெளியுலகுக்குக் காட்டியது. 2001 மே மாதம் இந்திய அரசு, புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பை இதற்கும் அளித்தது. சட்டம் வந்தாலும் மீனவரின் மனம் மாற வேண்டுமே! 2004-இல் அங்கே ஒரு பிரசாரம் தொடங்கியது. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். இந்தச் சுறா பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள், வந்த மகளை யாராவது கொல்வார்களா என்று கேட்டார். ‘வ்ஹாலி’, அதாவது அருமைக்குரியவள் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். அதன்பின் மீனவர்களே தங்கள் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். அறுந்த வலைக்கு ஈட்டுத்தொகையும் வழங்கப்படுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருவது நம் வழக்கமும் அல்லவா? அந்தப் பேச்சு ஏன் வலித்தது என்று எங்களுக்கு விளங்குகிறது.

பால் சுறாவுக்காக யாரும் பாட்டு எழுதவில்லை, படம் எடுக்கவில்லை. இழுவலையில் மற்ற மீன்களோடு அது அள்ளப்படுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் அதை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களில் சேர்த்தது. சிறியது, வேகமாக வளர்வது, அதற்கென்ன குறை என்று நினைக்கலாம். நாங்களும் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு பெண் பால் சுறா எட்டு ஆண்டுகள் முழுமையாக வாழ்ந்து, மூன்றாம் வயதிலிருந்து ஆண்டுக்கு மூன்று குட்டி ஈன்றால், வாழ்நாளில் 18 குட்டிகள். மத்தி ஒரே பருவத்தில் பல்லாயிரம் முட்டையிடும்.

பால் சுறா குட்டி போடத் தொடங்குவது ஏறக்குறைய 70 செ.மீ. நீளத்தில். மீன் கடையில் இருந்த மற்ற மூன்றையும் அந்த அக்கா பொறுமையாக அளக்க விட்டார். 39, 41, 46 செ.மீ.